கனடாவிலையிருந்து வந்த விடை

உதயகலா ரீச்சருக்குக் கணக்குப் படிப்பிக்கிறதெண்டால் சோறு தண்ணி வேண்டாம். படிப்பிக்கிறது கோப்பாயிலை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலை. பிள்ளையள் முக்கால்வாசியும் தோட்டக்கார வீட்டுப் பிள்ளையள். வகுப்பிலை விளங்காததை வீட்டிலை திரும்பக் கேக்க அதுகளுக்கு ஆளில்லை. அதுதான் மனிசி பாடத்தைச் சின்னச் சின்ன வீடியோவாய் எடுத்து வாட்ஸ்அப் குறூப்பிலை போடத் தொடங்கினா. வீடியோ பாத்து முடிய, இணையத்திலை ஒரு வினாத்தாள். தாய் தேப்பன்ரை போனிலை பிள்ளையள் விடை எழுதி அனுப்ப வேணும்.

அதிபர் கனகசபாபதிக்கு இதைக் கண்ணிலை காட்டக் கூடாது. "உந்தப் போன் படிப்பு இந்தத் தவணைக்கு மட்டும்தான், ரீச்சர். பரீட்சையிலை பிள்ளையள் தேறாட்டி நிப்பாட்டிப்போடுவன்," எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்.

ஆனா பிள்ளையள் அனுப்பின விடையைப் பாக்க வேணுமே! எல்லாருக்கும் முழுப்புள்ளி. ரீச்சருக்குக் கால் நிலத்திலை நிக்கேல்லை.

ஒருநாள் பின்னக் கணக்கு. ஓர் ஏக்கர் தோட்டத்திலை கால்வாசிக்கு வெங்காயம் நட்டால் அது எத்தினை பரப்பு? முழு வகுப்பும் ஒரே விடை: இரண்டரை. சரியான விடை நாலு. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு எண்டது கோப்பாயிலை பால்குடிக்கும் தெரியும். ஆரோ பத்துப் பரப்பெண்டு நினைச்செல்லோ கணக்குப் பாத்திருக்கினம்!

இந்த விடை ஆர் செய்ததெண்டு அடுத்தநாள் வகுப்பிலை கேட்டா. தர்சிகா எழும்பினாள்.

"மாமா செய்தவர், ரீச்சர்."

"எந்த மாமா?"

"கனடா மாமா. அவர் சொல்லுற விடையை நான் மற்றப் பிள்ளையளுக்கும் அனுப்பிவிடுறனான்."

அந்த முழுப்புள்ளியெல்லாம் கனடாவிலை விளைஞ்சது! ரீச்சருக்குக் கோவமும் அழுகையும் சேந்து வந்திது. இப்பிடியே பரீட்சைக்குப் போனால் பிள்ளையளும் கவிழும், வீடியோவும் அதோடை சரி.

அண்டு பின்னேரமே தர்சிகா வீட்டை போய், தாய் பிரசாந்தியின்ரை போனிலை அந்த மாமா ஜெயசுதனைப் பிடிச்சா. மனிசன் வேலைக்குப் போற பஸ்ஸிலை இருந்தார்.

"பிள்ளை ஆசையாய்ப் போன் எடுத்துக் கேக்கேக்கை மாட்டனெண்டு சொல்ல மனம் வரேல்லை, ரீச்சர். முந்தியெல்லாம் கொண்டாட்டத்துக்கு மட்டும்தான் எடுப்பாள்."

ரீச்சருக்குக் கோவம் இறங்கிப்போச்சு. "எடுக்கட்டும், தம்பி. ஆனா நீங்கள் விடை சொல்லாதேங்கோ. அவள் கணக்கைச் செய்து உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். விளங்கினால் மட்டும் ஓமெண்டு சொல்லுங்கோ."

மற்றப் பிள்ளையளுக்கும் அதே சட்டம்தான். வெளிநாட்டிலை இருக்கிற மாமாவோ சித்தியோ ஆரோ ஒருத்தர் ஓமெண்டு சொல்லுற குரலைப் பதிஞ்சு குறூப்பிலை போட வேணும். கேக்க நல்லாத்தான் இருந்திது. ஆனா இந்த மாமாமாரை விளங்கப்பண்ணுறது லேசுப்பட்ட வேலையே? "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" எண்டு பிள்ளையளின்ரை உயிரை எடுத்தினம். சொல்லிச் சொல்லியே பிள்ளையளுக்குக் கணக்குப் பிடிபட்டுப்போச்சு.

பரீட்சை முடிய, அதிபர் விடைத்தாள் கட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "போனிலை எல்லாரும் முழுப்புள்ளி எடுத்தவையெல்லோ? இப்ப குறைஞ்சு கிடக்கு?"

"ஓம், சேர். எண்டாலும் வெளிநாட்டு மாமாமாருக்கு விளங்கப்படுத்தியே போன தவணை தவறினதுகள் கனபேர் தேறியிருக்குதுகள். பிழையளையும் பாருங்கோ. ஒருத்தர் விட்ட பிழையை மற்றவர் விடேல்லை. எல்லாம் அதுகள் தாங்களாய் யோசிச்சு விட்ட பிழை."

அதிபர் ஒவ்வொரு தாளாய்ப் பாத்தார். கடைசித் தாளையும் பாத்து வைச்சிட்டு மனிசன் கண்ணாடியைக் கழட்டினார்.

"லண்டனிலை என்ரை தம்பி ஒருத்தன் சும்மாதான் இருக்கிறான், ரீச்சர். அடுத்த தவணைக்கு ஆரும் பிள்ளைக்கு ஆள் தேவையெண்டால் அவனைப் பிடியுங்கோ. அவனுக்கு விளங்கப்பண்ணினால் அந்தப் பிள்ளை எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ணும்."