காலையில் விழும் சுவிட்ச்

அந்த ஏசி மெஷினை நான் எவ்வளவு திட்டினேன் என்பது கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் என்னோடு தினமும் அக்கரைக்குக் கடந்தவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிக்கொடுக்கும் முதலாளி ஒருவர், தன் கந்தோரில் கணக்குப் பேச வந்து உட்காரும் கப்டன்மார் வியர்த்துக் கொட்டக் கூடாதென்று அதை வாங்கினார். சுவரில் பொருத்தியவன் நான். வயரிங் வேலைதான் எனக்குச் சோறு போட்டது.

"இது ஒழுங்கா ஓடட்டும் தம்பி. உப்புவெளியில நான் கட்டுற விடுதி வயரிங் முழுக்க உமக்குத்தான்" என்றார். அறைக்கு ஒரு ஏசி. அந்த வேலை கிடைத்தால் வீடு வீடாகப் போய் ஃபியூஸ் கட்டித் திரிய வேண்டியதில்லை. மனைவியிடம் சொன்னேன், அவள் அன்றைக்கே அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள்.

மெஷின் காலையில் நன்றாகத்தான் தொடங்கும். முதலாளி கந்தோருக்கு வந்து கொஞ்ச நேரத்தில், கரண்ட் கூடினால் தானாகவே அறுத்துவிடும் ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். எல்லோரும் சலித்துப்போய்க் கைவிட்ட பிறகு ஆளனுப்பி, நான் வந்து தூக்கினால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிப் பின்னேரம் வரை ஓடும். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

துறைமுகத்து உப்புக்காற்றுத்தான் காரணம் என்று நினைத்து வயர் முனைகளையெல்லாம் கழற்றிச் சுரண்டினேன். சுவிட்சை மாற்றினேன். போர்டிலிருந்து தடித்த வயர் புதிதாக இழுத்தேன். மறுநாள் காலை கந்தோர்க் கிளாக்கர் வாசலிலேயே நின்று, என்னை அண்ணன் முறை வைத்து, "நானா, உங்கட மெஷின் விழுந்திட்டுது" என்பார். வாங்கியவர் முதலாளி, குளிரில் இருப்பவரும் அவர். விழுந்தால் மட்டும் அது என்னுடைய மெஷின்.

கடைசியில் வேளைக்கே போய்க் கந்தோரில் காத்திருந்து பார்ப்பதென்று முடிவெடுத்தேன். அறை குளிரட்டும் என்று கிளாக்கர் மெஷினைப் போட்டுவிடுவார். முதலாளி வந்ததும் சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவார். நான் முஸ்லிம். அவருடைய பூசை நேரத்தில் கையில் குறட்டோடு நடுவில் நிற்பது மரியாதையில்லை என்று வீதியில் இறங்கி நிற்பேன். யாரும் போகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது அவர்களும் ரேடியோவைக் குறைப்பார்கள். மணிச்சத்தம் ஓய்ந்து உள்ளே வந்தால் சுவிட்ச் விழுந்து கிடக்கும்.

"இடையில ஆராவது மெஷினை நிப்பாட்டினீங்களா?" என்று கிளாக்கரைக் கேட்பேன்.

"இல்லையே நானா. ஒருத்தரும் தொடேல்ல."

இப்படியே பல நாள் போனது. ஐப்பசியில் ஒரு காலை மழை கொட்டியது. வழக்கம்போல வெளியே இறங்கப் போனவனை முதலாளி விடவில்லை. "இந்த மழைக்குள்ள எங்க போறீர்? உள்ளுக்கு நில்லும்."

மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். முதுகுக்குப் பின்னால் மெஷின் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் தீக்குச்சி உரசியது. மணி அடித்தது, கற்பூர வாசம் வந்தது. மணி ஓய்ந்த கையோடு மெஷினைப் போட்டார்கள். அது உறுமி, முக்கி, டக். திரும்பிப் பார்த்தேன். மெஷின் காற்று நேரே சாமிப் படத்துக்குத்தான் அடிக்கிறது. விளக்கு அணைந்தால் அபசகுனம் என்று கிளாக்கர் தினமும் அதை நிறுத்தியிருக்கிறார். அவருக்கு அது மெஷினை நிறுத்துவதல்ல, பூசைக்கு ஆயத்தம் செய்வது. மனுசன் பொய் சொல்லவில்லை.

நிறுத்திய மெஷினுக்குள் வாயு அடங்கச் சற்று நேரம் விட வேண்டும். உடனே போட்டால் மோட்டார் சுற்ற ஏலாமல் கரண்டை அள்ளி இழுக்கும், சுவிட்ச் விழும். முதலாளிக்கு அதைச் சொன்னேன். தேத்தண்ணி குடித்து முடியும் வரை பொறுத்துப் போட்டோம். சுவிட்ச் அசையவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"சீ, இவ்வளவுதானா?" என்று முதலாளியும் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "விடுதி வேலையை நேத்துத்தான் கொழும்பு ஆக்களுக்குக் குடுத்தனான் தம்பி. நீரும் எத்தினை நாளா இஞ்சையே நிண்டு பாத்தனீர். உமக்குப் பிடிபடேல்ல. நான் எப்பிடி நம்பி விடுறது, சொல்லும்?"

'நீங்கள் விளக்கேத்தேக்க நான் றோட்டில நிண்டனான், முதலாளி' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுசன் துடித்துப்போயிருப்பார். கொழும்பு ஆட்களை நிறுத்திவிட்டு வேலையை எனக்கே தந்திருக்கவும் கூடும். ஆனால் அவருடைய சாமிக்குக் கொடுத்த மரியாதையை எடுத்துக்காட்டி அவரிடமே வேலை கேட்பதா? வாய் வரவில்லை. "சரி முதலாளி" என்று குறடுகளைப் பொறுக்கிக்கொண்டு மழையில் இறங்கினேன்.

"அதச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கேட்ட மனைவி பிறகு சில நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. பல்பு மாற்றவும் மின்விசிறி கழற்றவும் அந்தக் கந்தோருக்கு நான் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். முதலாளி விளக்கேற்ற எழுந்தால், வயிறெரிந்தபடியே வீதியில் இறங்கி நிற்பேன்.