றிஸ்னாவின் கறுப்புத் துண்டு

எழும்புவதற்கு முன் றிஸ்னா கையைப் பின்னால் கொண்டுபோய் நாற்காலியைத் தடவிப் பார்ப்பாள். அதில் கறுப்புத் துணித் துண்டொன்று பல மடிப்பாகக் கிடக்கும். ஈரமில்லையென்றால் எழும்புவாள். ஈரமென்றால், தைத்த இடத்திலேயே இன்னொரு தையல் போட்டபடி, அறையில் ஆளில்லாத நேரத்துக்குக் காத்திருப்பாள். மேசையில் குவிந்திருப்பதெல்லாம் வெள்ளைத் துணி. பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது. உக்குவளை ஊரில் பாதிப் பிள்ளைகளின் யூனிஃபோர்ம் அவளுடைய மெஷினில்தான் உருவாகிறது.

அளவு கொடுக்க வரும் தாய்மார் கேலி செய்வார்கள்.

"எழும்பி வந்து அளவெடுத்தா என்ன? ராணி மாதிரி குந்திக்கிட்டீக்கிறீங்க."

"ராணிதான். நீங்கதான் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கிட்ட வரணும்."

சிரிக்கும்போது அவளுடைய உதட்டுக்கும் மேசையிலுள்ள வெள்ளைத் துணிக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி இன்னும் பால் மறக்கவில்லை. நாலாவது தங்கியதை, தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் கணவன் ஸஜ்ஜாத்துக்குக்கூட அவள் சொல்லவில்லை. சின்னம்மா முறையான சாச்சியின் மகள் நுஸ்ரா எங்கேயோ வாங்கி வந்த குளிசைகளை விழுங்கிக் கருவைக் கலைத்தாள். அது நடந்து மாதங்களாகிவிட்டன. ஆனால் அதன் பிறகு வரும் மாதவிடாய் பழைய மாதவிடாய் இல்லை. கட்டி கட்டியாகக் கொட்டுகிறது. நின்றதுபோல் நின்று மறுபடி வருகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்டி" என்று நுஸ்ரா வரும்போதெல்லாம் கெஞ்சுவாள்.

"போனா ஏன் இப்பிடின்னு கேப்பாங்க. சொன்னா, கலைச்சது குத்தம்னு பொலிஸ் வரும்."

"மௌத்தாப் போனா?"

"அப்ப என்னைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்கதானே."

ரத்தம் போகப் போக, இப்போது புதிதாக ஒரு பழக்கம். மெஷினின் இழுப்பறை லாச்சிக்குள் நூல்கட்டைகளோடு ஒரு பிடி பச்சரிசி வைத்திருக்கிறாள், தைத்துக்கொண்டே மெல்லுவாள். ஒருநாள் ஸஜ்ஜாத்தின் உம்மா, மாமி கைறுன்னிஸா அதைக் கண்டுவிட்டார்.

"என்ன மகள், புள்ளத்தாச்சி மாதிரி அரிசி திங்குறீங்க? அடுத்தது வந்தீக்கா?"

"போங்க மாமி" என்று சிரித்தாள். அன்று முழுக்க அவளுடைய தையல் கோணியது.

அந்த வீட்டில் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பெண்கள் உள்ளறையில் சேர்ந்து நிற்பார்கள். தீட்டென்றால் ஒதுங்கிக்கொள்ளலாம், யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆனால் ஒதுங்கியவள் மறுபடி மறுபடி ஒதுங்கினால் மாமியின் பார்வை நிலைக்கும். அதனால் றிஸ்னாவும் நிற்கத் தொடங்கினாள். அளவு மீறிப் போனால் அது நோய் ரத்தம், அதோடு தொழலாமென்று மத்ரஸாவில் படித்தது ஞாபகமிருக்கிறது. தீட்டு எப்போது முடிந்தது, நோய் ரத்தம் எப்போது தொடங்கியது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பாவத்துக்குப் பயந்து ஒன்றும் ஓதமாட்டாள். வெறுமனே குனிவாள், நிமிர்வாள். தொழுகை உடுப்பைக்கூடக் கருநீலத்தில் தைத்து வைத்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை நெற்றி தரையில் பட சுஜூதில் தலைவைத்தவள் எழும்பவில்லை. மாமி தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அப்படியே சரிந்து கிடந்தாள். தூக்கப் போன மாமியின் கை சிவந்து வந்தது. கைறுன்னிஸா அந்தக் கையையும் மருமகளின் கருநீல உடுப்பையும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஸஜ்ஜாத், லொறிய ஸ்டார்ட் பண்ணு. பெரியாஸ்பத்திரிக்கு."

றிஸ்னா கண் திறந்தாள். "வேணாம் மாமி... கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே தன் வெள்ளைத் தொழுகை உடுப்பைத் தலைவழியாகக் கழற்றி, மடித்து, மருமகளின் தொடைகளுக்கிடையில் அழுத்தி வைத்தார்.