நிலக்கரித் தூளும் பூஜைக்கு அடித்த பெயிண்டும்

நல்ல நாள் பார்த்துத் தொடங்குங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

மதுரையில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஊருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் ஆலை. அங்கே நிலக்கரியை மாவாக அரைத்து, காற்றால் குழாய் வழியே சூளைக்கு ஊதி அனுப்புவார்கள். வேகம் குறைந்தால் தூள் குழாயிலேயே படிந்து தீப்பிடிக்கும். கூடினால் வளைவைத் தேய்த்து ஓட்டை போடும். உள்ளே எட்டிப் பார்க்கவா முடியும்? அந்த வேகத்தை அளக்கத்தான் ஒரு மீட்டர் செய்தேன். ஓடும் தூள் உரசி உரசி மின்னேற்றம் பெறும். குழாயில் இரண்டு வளையங்கள். முதல் வளையத்தில் தெரியும் துடிப்பு அடுத்ததில் எப்போது தெரிகிறது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். மாட்டுத்தாவணியில் கிளம்பிய பஸ் அடுத்த நிறுத்தத்துக்கு எப்போது வந்தது என்று பார்ப்பது மாதிரிதான். கே.கே. நகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வருஷக்கணக்காக நானே பற்றவைத்துப் பற்றவைத்துச் செய்த கருவி அது.

ஆலையில் பொருத்தியதும் ஒழுங்காகத்தான் ஓடியது. முதலாளி பார்த்து ஒப்புக்கொண்டால் எல்லாக் குழாய்க்கும் என் மீட்டர்தான் என்றார் மேலாளர். "விஜயதசமி அன்னைக்கே காட்டிருவோம் மேடம். நல்ல நாளு."

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. குழாய்களுக்கெல்லாம் பளபளவென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். என் மீட்டருக்கு மாலை வேறு. மறுநாள் முதலாளி முன்னால் சுவிட்சைப் போட்டேன். எண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"என்ன மேடம், உங்க மீட்டருக்குச் சாமி வந்துருச்சா? இம்புட்டு ஆட்டம் ஆடுது!" என்றார் மேலாளர். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள், பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். கொடுக்கவில்லை. எண் காட்டும் பெட்டியை அன்றே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வளையங்களைக் கழற்றச் சூளையை நிறுத்த வேண்டுமாம், அவை அங்கேயே கிடந்தன. வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அழுதேன்.

பிறகு வெளிநாட்டு மீட்டர் வாங்கினார்கள். பொருத்தும் அன்று உதவிக்கு என்னையே கூப்பிட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள். என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று போனேன். அதுவும் ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. பொருத்த வந்த எஞ்சினியருக்கு முழு நாளும் கொடுத்து, பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் அவர் கண்டுபிடித்தார். பூஜைக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் குழாயின் எர்த் பட்டையைக் கழற்றி, புதுப் பெயிண்டின் மேலேயே திருப்பி முடுக்கியிருந்தார்கள். தூள் உரசிக் குழாயில் சேரும் மின்னேற்றத்தை, இரும்பில் படாத பட்டை எப்படித் தரைக்குக் கொண்டுபோகும்? பெயிண்டைச் சுரண்டியதும் எண் நின்றது. மேலாளர் கைதட்டினார்.

"சார், அன்னைக்கு என் மீட்டர் ஆடுனதும் இதனாலதான்."

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? விடுங்க மேடம்."

போன மாதம் மாணவர்களை அந்த ஆலைக்குக் கூட்டிப்போனேன். எர்த் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகை: 'இங்கே பெயிண்ட் அடிக்கக் கூடாது.' கொஞ்சம் தள்ளி என் வளையங்கள் இரண்டும் மஞ்சள் பெயிண்டுக்குள் புதைந்து கிடந்தன. அவற்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"ஃபாரின் மீட்டருப்பா. பாத்துப் பக்குவமாத்தான் வச்சுக்கணும்" என்று என் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் மேலாளர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.