வாஞ்சூருக்கு அப்பால் ஐந்து கல்

வேகம் நூறு மெகா என்று சொல்லித்தான் இன்டர்நெட் கொடுத்தார்கள். பேத்தியின் வளைகாப்பு வீடியோவை இறக்கினால் கணினி பன்னிரண்டுக்கு மேல் காட்டமாட்டேன் என்கிறது. புகார் செய்து வரவழைத்த பையன் சாவகாசமாகச் சொன்னான்: "வேகம் குறையலீங்கய்யா. நாங்க சொல்றது பிட் கணக்கு. இதுல காட்டுறது பைட். எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதே விளக்கத்தைச் சின்ன வயதில் நாகப்பட்டினம் ஸ்டேஷன் வாசலில் கேட்டிருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. காரைக்கால் சாலையில் அவர்கள் நட்ட கிலோமீட்டர் கற்கள் அப்படியே நின்றன. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் மைல் கற்கள். அத்தைக்கு எல்லாம் ஒரே கல்தான். மகளின் வளைகாப்புக்குத் திருவாரூர் ரயிலைப் பிடிக்கவேண்டும். நாகப்பட்டினம் ஸ்டேஷன் எல்லைக்கு அப்பால் ஐந்து கல் என்று முந்தின நாளே கண்டக்டரிடம் விசாரித்து வைத்திருந்தாள். அந்தத் தைரியத்தில், புளியோதரை ஆறட்டும் என்று முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கட்டுச்சோற்றுக் கூடையோடு என்னையும் ஏற்றினாள்.

வாஞ்சூர் தாண்டியதும் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே வெகுநேரம் ஆனது. "ஏன் இப்படி உருட்டுறீங்க, வெரசா ஓட்டுங்க" என்று வழியெல்லாம் டிரைவரைத் திட்டினாள். நாங்கள் இறங்கியபோது ரயில் போய்விட்டிருந்தது.

அதே கண்டக்டர் பொறுமையாக விளக்கினார். "வண்டி அதே வேகத்துலதாம்மா வந்துச்சு. உங்க பக்கம் கிலோமீட்டரு, இங்க மைலு. ஒரு மைலுன்னா ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல வரும்."

அத்தை கூடையைத் தரையில் வைத்தாள். "நேத்து கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமுல்ல?"

பையன் எட்டு பிட் கணக்கை மறுபடி ஆரம்பித்தான்.

"கணக்கு புரிஞ்சிடுச்சுப்பா" என்றேன். "கனெக்‌ஷன் குடுத்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாமுல்ல?"