இங்கிலீஷில் பேசினால் குற்றமில்லை

எவரும் பதில் சொல்லாத மொழியில் கேள்வி கேட்டு, விடையையும் தானே கரும்பலகையில் எழுதிக்கொள்ளும் பிழைப்புதான் ஆங்கில ஆசிரியனின் பிழைப்பு. இந்தத் துன்பத்தை அறிந்த சக ஆசிரியர்களே, சவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில், பதினோராம் வகுப்பில் எனக்கு நேர்ந்தவற்றை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தேர்வுக்கு வராத பாடம்

ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் உயிர் தப்பிய ஒரு பெண்ணைப் பல ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று, அவள் சொன்னதைக் கேட்டு எழுதிய செய்தியாளர் ஒருவரின் கட்டுரையை வகுப்பில் படிப்பது என்று முடிவு செய்தேன். அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்ற கதை அது. மாணவர்கள் பதினாறு வயதை எட்டியவர்கள். உலகம் எவ்வளவு இருண்டுபோகும், அதைத் தாண்டி மனிதர் எவ்வளவு உறுதியோடு வாழ்வார்கள் என்பதை அறியும் வயது. தாள்களை நகலெடுக்க ஒப்புதல் கேட்டுத் தலைமையாசிரியரிடம் போனேன்.

அவர் கட்டுரையை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்திட்டுக்கொண்டே சொன்னார்: "மொதல்ல 'இஸ்', 'வாஸ்' எழுத வைங்க சார். உலகத்த அதுக்கப்புறம் திருத்திக்கலாம்."

பாம்பு

அந்த நாட்டின் வானொலி, கொலைகள் தொடங்கும் முன்பே ஒரு சாராரைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்துவந்தது. அந்தப் பத்தியை விளக்க நான் ஒரு கதை சொன்னேன். கதை சொல்லாமல் என்னால் பாடம் நடத்த இயலாது. ஓர் ஊரில் ஒருவன் தன் அண்டை வீட்டானை விளையாட்டாகப் பாம்பு என்றான். மறுநாள் தெருவே அப்படி அழைத்தது. சில மாதங்களில் அவனுடைய உண்மைப் பெயர் மறந்துபோயிற்று. பின்னர் ஒரு நாள் கழிகளோடு திரண்டு போனவர்கள், "மனிதனையா அடித்தோம்? பாம்பைத்தானே அடித்தோம்!" என்றார்கள்.

கடைசி இருக்கையில் நதியா தனியே அமர்ந்திருந்தாள். சில வாரங்களாக அவளோடு யாரும் பேசுவதில்லை. அவளுடைய ஊரில் கோவிந்தன் என்பவர் கண்ணி வைத்துக் காட்டுப்பன்றி பிடித்தார். மறுநாளே வனத்துறையினர் வந்து அவரை அழைத்துப் போய் வழக்குப் பதிந்தார்கள். நதியாவின் தந்தை சின்னப்பையன் அந்த வாரம் வனத்துறை அலுவலகத்தில் நின்றதை யாரோ பார்த்திருந்தார்கள். காட்டிக்கொடுத்தவர் அவரே என்று ஊர் முடிவு கட்டி, குடும்பத்தையே தள்ளிவைத்தது. அவர்களோடு பேச்சு கூடாது, அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தடையைப் பள்ளிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு மலையிறங்கித் திருப்பத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போவதென்று சின்னப்பையன் தீர்மானித்திருந்தார். நதியாவின் படிப்பு அத்தோடு முடியும்.

அவள் கை உயர்த்தினாள். வெகு நாள்களுக்குப் பின் அவள் குரலைக் கேட்டேன். "சார், அந்த ஆளுகிட்ட யாராச்சும் போய் 'நீ பாம்பா'ன்னு கேட்டாங்களா?"

பேச்சில் சேராத மொழி

நண்பர்களே, ஊர் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பதும் இனப்படுகொலையும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது இறந்தவர்களை இழிவுபடுத்துவதாகும். வகுப்பிலும் இதை அழுத்திச் சொன்னேன். ஆனால் விசாரிக்கப்படாத ஒரு சொல்லை ஊரே நம்பினால் என்ன நேரும் என்பதை அந்தக் கட்டுரை கற்பித்தது. ஆகவே வீட்டுப்பாடம் இது: உங்கள் ஊரில் எல்லோரும் நம்பும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். யாரைப் பற்றிய செய்தியோ அவரிடமே முதலில் கேளுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

மறுநாள் சங்கீதா எழுந்தாள். அவள் கோவிந்தனின் கூடப்பிறந்த தங்கை. நேரே கடைசி இருக்கைக்குப் போய், நதியாவின் எதிரே அமர்ந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"வேர் யுவர் ஃபாதர் கோ தட் டே?"

"ஃபாரஸ்ட் ஆஃபீஸ்."

"ஒய்?"

நதியா சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "பிக் ஈட் அவர் சாமை. ஆல் சாமை. ஹீ ஆஸ்க் மணி ஃபார் லாஸ்."

பன்றி மேய்ந்த சாமைக் கொல்லைக்கு இழப்பீடு கேட்கப் போயிருக்கிறார்! அந்த வாக்கியங்களில் இருந்த பிழைகளைத் திருத்த என் கை எழவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து திருமலை என்ற மாணவன், "ஏய் சங்கீதா, ஊருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?" என்று எச்சரித்தான். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்: "பேசக் கூடாதுன்னுதான சொன்னாங்க? எங்க ஊர்ல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால இது பேச்சுல சேராது."

சொன்னவர் யார்?

ஒரு தரப்பைக் கேட்டாயிற்று. அந்தச் சனிக்கிழமை சங்கீதாவை அழைத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் வனக்காவலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சின்னப்பையன் வந்தது கொல்லைச் சேதத்துக்கு மனுக் கொடுக்கத்தான் என்பதை அவர் உடனே உறுதி செய்தார்.

"அப்ப எங்க அண்ணனப் பத்தி உங்களுக்குச் சொன்னது யாருங்க?" என்று சங்கீதா கேட்டாள். பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தாள்.

"உங்க அண்ணன்தாம்மா."

"அவரு எதுக்குங்க அவரையே காட்டிக் குடுப்பாரு?"

காவலர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "பன்னி மேல ஒரு கால வெச்சு, மீசைய முறுக்கி, பாட்டு வேற போட்டு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெச்சாரும்மா. என் நம்பரும் அவரு போன்ல இருக்குதுன்றத மறந்துட்டாரு."

ஊர்க்கூட்டம்

உண்மையைக் கண்டறிவது பாதி வேலை. கண்டறிந்ததை உரக்கச் சொல்வது மறுபாதி. சொந்த அண்ணனைச் சபையில் தலைகுனிய வைக்க வேண்டுமே என்று சங்கீதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "எழுதினத ஊர்க்கூட்டத்துல படிக்கிறேன் சார்" என்றாள். ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளைகள் பேசும் வழக்கம் இல்லை. பள்ளிக்கூட வேலை, படித்துக் காட்ட மட்டும் அனுமதி வேண்டும் என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன். அவர் தலையசைத்தார்.

முதலில் ஆங்கிலத்தில் படித்தாள். நம் ஊர்ப் பெண் இங்கிலீஷ் படிக்கிறாள் என்ற பெருமையில் பெரியவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். பிறகு அதையே தமிழில் சொன்னாள். ஆடிய தலைகள் நின்றன. ஸ்டேட்டஸ் என்ற இடம் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது கூட்டம் முழுவதும் பரவிற்று. "கூடப் பொறந்தவளே இப்பிடிப் பண்ணிட்டியேடி!" என்று கோவிந்தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே, "பாட்டு போட்டது நெசந்தான்" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தடைய மீறி இந்தப் பொண்ணு அவங்க வூட்டுப் பொண்ணுகிட்டப் பேசியிருக்குதே, அதுக்கு இன்னா பதில்?" என்றார். சங்கீதா, "இங்கிலீஷ்லதான் தாத்தா பேசினேன்" என்றாள். ஊர்க்கவுண்டர் எழுந்து நின்றார். பிறகு, கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்ற மனிதரை நோக்கிக் குரல் கொடுத்தார்: "அவ இங்கிலீஷ்ல கேட்டது குத்தமில்ல. நாம தமிழ்ல கேக்காததுதான் குத்தம். சின்னப்பையா, நாளைக்குக் காலைல உன் வூட்டுக்குத் தண்ணி குடிக்க வர்றேன்."

சூளைக்குப் போகாதவர்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, நதியா தன் பெட்டியோடு விடுதிக்கு வந்தாள். சங்கீதாவும் திருமலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கடைசி இருக்கையில் அன்று நான்கு பேர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். நான் பிரித்து உட்காரச் சொல்லவில்லை. ஆசிரிய நண்பர்களே, அஞ்சாதீர்கள்! கொடுமையை வென்றவர்களின் கதையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதைக் கொண்டு எதைச் செய்வதென்று அவர்கள் நம்மைவிட விரைவாக அறிந்துகொள்வார்கள்.

மகளை விட வந்த சின்னப்பையன் என்னை ஓரமாக அழைத்தார். கொல்லையில் மீண்டும் சாமை விதைத்திருப்பதாகச் சொன்னார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் அடக்கத்தோடு காத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "இன்னா சார் படிப்பு இது? வூட்ல வாயத் தொறக்க முடியல. எது சொன்னாலும் பொண்ணு 'யாரு சொன்னது, நீ நேர்ல பாத்தியா'ன்னு கேக்குது. கொஞ்சம் கம்மியாச் சொல்லிக் குடுங்க சார்."

இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில், மாணவர்களுக்கு அளவுக்கு மீறிக் கற்பித்துவிட்டேன் என்று என்மீது வந்த ஒரே புகார் இதுதான் என்பதால், இதன்மீது இதுவரை எந்த நடவடிக்கையும் எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.