நிமிர்ந்த காலும் நிமிராத காலும்

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருந்தன. பிறவியில் வந்ததல்ல. நாற்பதுக்கு மேல் மூட்டு தேயத் தேய, எங்கள் கண்ணெதிரே வளைந்தவை. பள்ளிக்கூட டீச்சர் அவள். பிள்ளைகள் அவள் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பதும் தெரியும். "அதுகளுக்கும் சிரிக்க ஏதாச்சும் வேணும்ல" என்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசியில் மதுரை டாக்டர் ஒருவர், மூட்டை மாற்றும்போதே காலையும் நிமிர்த்திவிடலாம் என்று சொல்லி எங்களை மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடம்பின் பாரமெல்லாம் முட்டியின் உட்பக்கமே விழுந்து எலும்பு சரிந்திருந்தது. எலும்பைச் சமமாக வெட்டி, உட்பக்கம் இறுகிப்போன தசைநாரைத் தளர்த்தி, உலோக மூட்டைப் பொருத்துவார்களாம். முதலில் இடது கால், அது தேறியபின் வலது என்றார்.

இடது கால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிமிர்ந்தது. வில்லாபுரம் வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் சேலையைச் சற்றே தூக்கிக் காட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. ஆனால் நிமிர்ந்த கால் ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. அப்பா அவளது வலது செருப்புக்கு மட்டும் அடியில் கனமாக ரப்பர் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். தெருவில் அதைப் போட்டுக்கொண்டு ஓரளவு நன்றாகவே நடந்தாள். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் சுவரைப் பிடித்துச் சாய்ந்து சாய்ந்துதான் நடை.

"வீட்டுக்குள்ளயும் போட்டுக்கயேன், யாரு என்ன சொல்லப் போறா?" என்றார் அப்பா.

"அடுப்படிக்கும் சாமி படத்துக்கிட்டயும் செருப்போட போறதா? நல்லாருக்கு! அடுத்த காலும் சரியாகிட்டா எதுக்கு இந்தச் செருப்பு?"

அடுத்த காலுக்குச் சர்க்கரை குறுக்கே வந்தது. குறையட்டும், செய்யலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்கள். அம்மா காபியில் சீனியை விட்டாள், சோற்றைக் குறைத்தாள். அழகர்கோவில் தோசைப் பிரசாதம் வந்தால்கூடக் கண்ணில் ஒற்றிவிட்டு எங்களிடம் தந்துவிடுவாள். அம்புட்டு வைராக்கியம். ஆபரேசனுக்கு மெட்ராஸ் போகிற அன்று கட்டிக்கொள்ள ஒரு சேலையையும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அடுப்படிச் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். மாரடைப்பு. டாக்டர் வந்தபோது உயிர் இல்லை.

கூடத்தில் கிடத்தி அந்தச் சேலையைத்தான் உடுத்தினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் பெரியம்மா துணி கிழித்து வந்தாள். இரண்டு பாதமும் சேரவில்லை. வலது பாதம் மேலேயே நின்றது. பெரியம்மா அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அதுவரை மூலையில் அழாமல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து ஓடிவந்தார்.

"இழுக்காதீங்க மதினி. அந்தக் காலு இன்னும் ஆபரேசன் ஆகல. வலிக்கும் அவளுக்கு."

பெரியம்மா கையை எடுத்துவிட்டாள். துணியைத் தளர்வாகவே கட்டினார்கள்.