அணையில் பத்து வினாடி டைமர்

கோமுகி அணையில் இன்று என் மனைவி என்னோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். மகள் ஒரு வருடமாகக் கேட்கும் படம்.

கைநடுக்கத்துக்காக என் செல்போனில் பத்து வினாடி டைமர் வைத்திருப்பேன்; பட்டனை அமுக்கிப் பத்து வினாடி கழித்துத்தான் படம் எடுக்கும். அதை நிறுத்த மறந்து, அங்கு வந்த ஒரு பெண்மணியிடம் எடுத்துத் தரச் சொல்லிச் செல்போனைக் கொடுத்துவிட்டேன்.

அமுக்கினார்.

"இன்னாங்க, எடுக்கவே மாட்டேங்குது?" என்று உடனே மறுபடி அமுக்கினார். இரண்டாவது முறை அமுக்கினால் டைமர் ரத்தாகிவிடும். உதவ வந்தவருக்கே பாடம் நடத்துவதா என்று தயங்கினேன்.

மூன்று தடவை இதே கதை.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன், கல்லு மாதிரி நின்னுகினு!" என்றாள் மனைவி.

பெண்மணி கடைசியாக ஒருமுறை அமுக்கிப் பார்த்து, "செல்லு ரிப்பேருங்க" என்று நீட்டினார். வாங்கப் போனேன். அப்போது எடுத்தது.

படத்தில் நான் கை நீட்டுகிறேன். பின்னால் மனைவி என்னை முறைக்கிறாள். துல்லியமாக வந்திருக்கிறது.

இன்னொன்றுக்கு அவள் நிற்கவில்லை. இதையே மகளுக்கு அனுப்பலாமா, சொல்லுங்கள்.